நாரி நோவும் நாம் தூக்கும் மூடையும்

(பளையில் நடந்த கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் வாசிக்க வேண்டும் என்று அங்கத்தவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறோம்.)



இருக்க முடியாதவர்கள் நின்றுகொண்டு கேளுங்கள். எழும்பி நடக்க வேண்டும் போலிருந்தால் நடவுங்கள், நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம். நாரி நோவைப் பற்றிக் கதைக்கிற கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் பிளாஸ்டிக் கதிரையில் அசையாமல் இருங்கள் என்று சொல்வது நியாயமில்லை.

இந்தப் பேச்சு எங்கள் வகுப்பறையில்தான் தொடங்கியது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எட்டு நாள் தொடர்ந்து வரவில்லை. வீட்டுக்குத் தேடிப் போனோம். "அப்பாவுக்கு நாரி பிடிச்சிட்டுது சேர். அம்மாவோட தேங்காய் பொறுக்கப் போறனான்" என்றது பிள்ளை. உள்ளே தகப்பன் பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். அதற்குப் பிறகு இடாப்பை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். தேங்காய் பிடுங்குகிற கிழமைகளில் வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனால், பாதி வீட்டில் யாரோ ஒருவர் நாரியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பெரியவரின் முதுகு நின்றுவிட்டால் அந்த வேலை பிள்ளையின் முதுகுக்கு இறங்குகிறது. தொழிற்சங்கம் ஏன் வைத்தியம் பேசுகிறது என்று கேட்டவர்களுக்கு இதுதான் எங்கள் பதில்.

நாம் இருக்கிற இடம் நிர்வாகத்தில் கிளிநொச்சி மாவட்டம், நிலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு. பளை, முகமாலை, கிளாலி, இயக்கச்சி என்று நீளும் இந்தத் தென்னங்காணிகளில் இரண்டு விதமான குடும்பங்கள் வேலை செய்கின்றன. இங்கேயே பிறந்தவர்கள் ஒரு பகுதி. 1977இலும் 1983இலும் மலையகத்தில் அடி வாங்கி வடக்கே வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மற்றப் பகுதி. இவர்கள் "நாரி நோ" என்பார்கள், அவர்கள் "இடுப்பு வலி" என்பார்கள். சொல்தான் வேறு, நோகிற இடம் ஒன்று. அங்கே பாட்டிமார் கொழுந்துக் கூடையை நெற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு மலை ஏறினார்கள். இங்கே பேத்திமார் தேங்காய்க் கடகத்தைத் தலையில் வைத்து மணலில் நடக்கிறார்கள்.

வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பிடுங்குகிறவர் கொக்கைத்தடியோடு அண்ணாந்து நிற்கிறார். பொறுக்குகிறவர் ஒவ்வொரு காய்க்கும் குனிகிறார். உரிக்கிறவர் நிலத்தில் நாட்டிய அலவாங்கில் காயைக் குத்தித் திருகுகிறார். கை பழகிய ஆள் ஒரு நாளில் ஆயிரத்துக்கு மேல் உரிப்பார். அப்படியென்றால் ஆயிரம் தரம் குனிந்து எடுக்கிறார், குனிந்த நிலையிலேயே ஆயிரம் தரம் திருகுகிறார். பிறகு மூடை ஏற்றுதல், மரத்தைச் சுற்றிப் பாத்தி வெட்டுதல், உரம் போடுதல். இங்கே வேலை இல்லாத நாட்களில் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் போகிறோம். அதுவும் நாள் முழுக்கக் குனிந்தபடி.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். கிணற்றடியில் துலா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. துலாவின் ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் கட்டை. கட்டைப் பக்கத்தில் பாரம் கட்டினால்தான் நீளப் பக்கத்து வாளி மேலே வரும். நம்முடைய நாரியும் ஒரு துலாதான். அச்சு முள்ளந்தண்டு. நீளப் பக்கம் முன்னால் நீட்டிய கையும் அதிலுள்ள மூடையும். கட்டைப் பக்கம் முள்ளந்தண்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற தசை. அந்தத் தசை அச்சிலிருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்று இழுக்கிறது. மூடை 50 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தால் பத்து மடங்கு. 20 கிலோ மூடைக்கு 200 கிலோ இழுவை. குனியும்போது உங்கள் நெஞ்சும் தலையும் முன்னால் தொங்குவதால் அந்தப் பாரமும் இதோடு சேரும். இழுவை எல்லாம் கடைசியில் அச்சை அழுத்துகிறது. அதே மூடையை வயிற்றோடு அணைத்துத் தூக்கினால் அழுத்தம் பாதிக்கும் கீழே போகும். மூடை மாறவில்லை, தூரம்தான் மாறியது.

முள்ளந்தண்டில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே தட்டுகள் உண்டு, மொத்தம் 23. டிஸ்க் என்று வைத்தியர் சொல்வது இதைத்தான். வெளியே வரிவரியாக நார், உள்ளே களி. சைக்கிள் ரயரை நினைத்துக்கொள்ளுங்கள். ரயரின் நூல் ஒரு பக்கத்தில் அறுந்தால் உள்ளேயிருக்கிற ரியூப் அந்த வழியால் பிதுங்கும். தட்டிலும் அதுதான் நடக்கிறது. வயது போகப் போக, பாரம் ஏற ஏற, வெளி நார் கீறுகிறது. ஒரு நாள் குனிந்து திருகும்போது உள்ளிருக்கும் களி பின்பக்கமாகப் பிதுங்குகிறது. கீழே இருக்கிற இரண்டு தட்டுகளில்தான் இது பெரும்பாலும் நேரும், ஏனென்றால் முழுப் பாரமும் இறங்குகிற இடம் அது.

ஊரில் "டிஸ்க் விலகிட்டுது" என்று சொல்கிறோம். அந்தச் சொல்தான் பாதிப் பயத்துக்குக் காரணம். தட்டு எங்கும் விலகிப் போவதில்லை, மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. விலகாத ஒன்றை யாரும் மிதித்தோ இழுத்தோ பழைய இடத்தில் வைக்க முடியாது. முதுகில் ஏறி மிதிக்கச் சொல்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிதுங்கிய களி பக்கத்தில் போகிற நரம்பைத் தொட்டால்தான் நோ காலுக்கு இறங்குகிறது. பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் அடித்தது போல ஓடும். இருமினாலும் தும்மினாலும் கூடும். "நோ கால்ல, பிழை நாரியிலயா?" என்று ஒரு அண்ணை எங்களிடம் சண்டை பிடித்தார். ஆம் அண்ணை, அப்படித்தான். பளையில் தடைப்பட்ட வயரால் இயக்கச்சியில் லைற் எரியாமல் போவதில்லையா?

பிதுங்கிய தட்டுதான் காலுக்கு இறங்கும் இந்த நோவுக்குக் காரணம் என்று வைத்திய உலகம் தெளிவாக அறிந்தது 1934இல்தான். பொஸ்டன் நகரத்து வைத்தியர்களான மிக்ஸ்ரரும் பாரும் அந்த ஆண்டில் அதை எழுதினார்கள். அதே 1934இல்தான் இலங்கையில் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை, வாத்தியார் வேலையில் ஆண்டுகளைச் சேர்த்து வைப்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் சட்டத்துக்குத் திரும்ப வருவோம்.

இப்போது நல்ல செய்தி. பிதுங்கிய களியை உடம்பு தானே கரைக்கிறது. வெளியே வந்த துண்டை அந்நியப் பொருள் என்று கண்டு, இரத்தத்திலுள்ள கலங்கள் வந்து சிறிது சிறிதாகத் தின்கின்றன. பெரிதாகப் பிதுங்கியது சிறிதாகப் பிதுங்கியதைவிடக் கூடுதலாகச் சுருங்குவதும் உண்டு. காலுக்கு நோ இறங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆறு கிழமையிலிருந்து மூன்று மாதத்துக்குள் கத்தி வைக்காமலே நன்றாகக் குறைகிறது. நெதர்லாந்தில் கடுமையான கால் நோ உள்ள 283 பேரை இரண்டு பகுதியாகப் பிரித்துப் பார்த்து, 2007இல் முடிவைச் சொன்னார்கள். ஒரு பகுதிக்கு உடனே சத்திரசிகிச்சை. மற்றப் பகுதி பொறுத்திருந்தது, தாங்க முடியாதவர்களுக்கு மட்டும் பிறகு செய்தார்கள். உடனே செய்தவர்களுக்கு நோ வேகமாகக் குறைந்தது உண்மை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பகுதியிலும் 95 வீதமானவர்கள் குணமானதாகச் சொன்னார்கள். ஆகவே சத்திரசிகிச்சை கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. வேண்டியவருக்கு அது பெரிய உதவி. ஆனால் "செய்யாவிட்டால் முடமாகிவிடுவாய்" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு நித்திரையைக் கெடுக்க வேண்டியதில்லை.

ஸ்கானைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் அங்கத்தவர் குடும்பம் ஒன்று தாலிக்கொடியை அடகு வைத்துத் தனியாரிடம் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தது. மூன்று தட்டு பிதுங்கியிருக்கிறது என்று அறிக்கை. அந்த அண்ணை அறிக்கையைப் பார்த்த நாளிலிருந்து குனியவே பயந்தார். முதுகில் எந்த நோவும் இல்லாத 98 பேருக்கு அமெரிக்காவில் இதே ஸ்கான் எடுத்துப் பார்த்து 1994இல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தட்டு பிதுங்கித்தான் இருந்தது. தலையில் நரை விழுவது போல முதுகிலும் நரை விழுகிறது. சத்திரசிகிச்சை செய்வதா இல்லையா என்று முடிவெடுக்கும்போதோ, வேறு ஆபத்தான காரணம் இருக்குமோ என்று வைத்தியர் சந்தேகிக்கும்போதோ ஸ்கான் தேவை. தேவையென்றால் வைத்தியரே எழுதுவார். அதுவரை தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கட்டும்.

பாயில் கிடப்பது பழைய வைத்தியம். கடும் நோவுள்ள முதல் ஒன்றிரண்டு நாள் படுங்கள், தப்பில்லை. அதற்கு மேல் கிடந்தால் தசை இளகுகிறது, மனமும் இளகுகிறது, எழும்புவது இன்னும் கஷ்டமாகிறது. நடக்கக்கூடிய தூரம் நடக்க வேண்டும். முதல் நாள் கிணற்றடி மட்டும், பிறகு றோட்டு மட்டும், பிறகு கோயில் மட்டும். நடக்கும்போது கொஞ்சம் நோகலாம், அதனால் தட்டு மேலும் கெட்டுவிடாது.

நியூசிலாந்தில் ரொபின் மக்கென்சி என்ற இயன்மருத்துவர் ஒருவர் இருந்தார். 1956இல் அவரிடம் கால் நோவோடு ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்திவைத்திருந்த மேசையில் அந்த ஆள் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னுக்கு வளைந்தபடி சில நிமிடம். மக்கென்சி வந்து பார்த்துப் பதறிப்போனார். அந்த ஆளோ, கால் நோ போய்விட்டது என்றார், பல கிழமைகளாக இப்படி இருந்ததில்லையாம். அந்தத் தவறிலிருந்து வந்த பயிற்சியை இன்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாயில் குப்புறப் படுங்கள். இரண்டு நிமிடம் சும்மா கிடவுங்கள். பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்துங்கள், இடுப்பு பாயில் இருக்கட்டும். நாளில் நாலைந்து தரம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நோ பாதத்திலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து நாரிக்கு என்று மேலே ஏறி வந்தால் நல்லது, நாரியில் கொஞ்சம் கூடினாலும் தொடருங்கள். நோ கீழே காலுக்கு இறங்கினால் உடனே நிறுத்துங்கள், உங்களுக்கு அது ஒத்துவராது. இயன்மருத்துவரிடம் ஒருமுறையாவது காட்டி உங்களுக்கு ஏற்ற பயிற்சியைப் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது.

குளிசை விஷயத்தில் எங்களுக்குக் கோபம் உண்டு. பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கி, வெறும் வயிற்றில் பிளேன்ரீயோடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும், கை தூக்கச் சொல்லவில்லை. சில நாளைக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு, வைத்தியர் சொல்லிப் போட்டால் அது உதவும். மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குச் சேதம். பிரசர் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற உடம்பில் சிறுநீரகம் ஏற்கெனவே கஷ்டப்படுகிறது. பெயர் ஒட்டாத போத்தலில் தருகிற எந்தக் குளிசையையும் வாங்காதீர்கள்.

புக்கை கட்டலாமா, எண்ணெய் போடலாமா என்று அம்மாமார் கேட்கிறார்கள். ஒட்டகப்புலத்துப் புக்கையைத் தெரியாதவர் குடாநாட்டில் இல்லை. கைதடியில் பல்கலைக்கழகத்துச் சித்த மருத்துவப் பிரிவே இருக்கிறது. சூடும் எண்ணெயும் தசைப் பிடிப்பை இளக்கும், சுகமாக இருக்கும், செய்யுங்கள். ஆனால் இனி நாங்கள் சொல்லப்போகிற அடையாளங்களில் ஒன்று இருந்தால் புக்கை வேண்டாம், எண்ணெய் வேண்டாம், காத்திருப்பதும் வேண்டாம்.

இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தோம். நம்முடைய ஒரு அக்கா. பெயர் சொல்லப்போவதில்லை, தன் கதையைச் சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். பல நாளாகக் கால் நோ. ஒரு வெள்ளிக்கிழமை மூடைக்குக் கை கொடுத்தபோது நோ இரண்டு காலிலும் இறங்கியது. இரவு சலம் போக இருந்தால் போகவில்லை. அடுத்த நாள் தன்னை அறியாமல் போனது. இருக்கிற இடமெல்லாம் மரத்துப்போய், கழுவும்போது தன் தோலே தெரியவில்லை. அந்த அக்கா இதைக் கணவனிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. வெட்கம். துணியை மடித்து வைத்துக்கொண்டு மூன்று நாள் பொறுத்தார். திங்கட்கிழமை பின்னேரம் நடக்க முடியாமல் விழுந்த பிறகுதான் வைத்தியசாலை. அங்கே வேகமாகவே சத்திரசிகிச்சை செய்தார்கள். நோ போய்விட்டது, நடக்கிறார். ஆனால் சலத்தைக் கட்டுப்படுத்துகிற நரம்பு முழுதாகத் திரும்பவில்லை.

முள்ளந்தண்டின் அடியில் நரம்புகள் குதிரை வால்போலக் கொத்தாக இறங்குகின்றன. பெரிய பிதுக்கம் அந்தக் கொத்து முழுவதையும் நெரித்தால் இப்படி வரும். இது அரிதானது. ஆனால் வந்தால் மணித்தியாலக் கணக்கு. ஒன்றிரண்டு நாளுக்குள் நெரிப்பை எடுத்துவிட்டால் நரம்பு தப்ப நல்ல வாய்ப்பு உண்டு, பிந்தப் பிந்தக் குறையும். ஆகவே சலம் போகாமல் நின்றாலோ, அறியாமல் போனாலோ, மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, சைக்கிள் சீற்றில் படுகிற இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் சேர்ந்து பலம் குறைந்தாலோ, நடு இரவென்றாலும் 1990க்கு அடியுங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை. வந்தவர்களிடம் "நாரி நோ" என்று மட்டும் சொல்லாதீர்கள், "சலம் போகேல்லை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மாமார் மகள்மாரிடம் இதைச் சொல்லி வையுங்கள். ஆண்களே, வீட்டில் ஒருவருக்கு நாரி நோ என்றால் இதைக் கேட்பது உங்கள் வேலை. வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பாதீர்கள்.

மரத்தால் விழுந்த பிறகு வந்த நோ, காய்ச்சலோடு வருகிற நோ, உடம்பு மெலிந்துகொண்டே போகும்போது இரவில் படுத்தாலும் ஆறாத நோ, முன்பு புற்றுநோயோ கசநோயோ வந்தவருக்கு வருகிற நோ, இவையும் தட்டுப் பிரச்சினை என்று விட்டுவிடக் கூடாதவை. பாதம் தொங்கி, செருப்பு இழுபடுகிறது என்றால் அதற்கும் உடனே போங்கள்.

வைத்தியரிடம் கேள்வி கேட்கப் பயப்படாதீர்கள். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர், மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார், உடற்கூற்று நூல்களையும் தமிழில் ஆக்கினார். இந்தக் குடாநாட்டில் உடம்பைப் பற்றித் தமிழில் கேட்கவும் சொல்லவும் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக வழி இருக்கிறது. "எந்த நரம்பு, டொக்டர்? எத்தனை கிழமை பாரம் தூக்கக் கூடாது? அதை எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் பெரிது.

ஏனென்றால் உடம்பு ஆறு கிழமையில் ஆறினாலும், ஏழாவது கிழமை அதே மூடை காத்திருக்கிறது. "முதுகை நேரே வை, முழங்காலை மடி" என்று படம் கீறி ஒட்டுகிறார்கள். சில இடங்களில் இடுப்புப் பட்டியும் கொடுக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தூக்குகிற முறையைப் படிப்பிப்பதால் மட்டும் முதுகு நோ குறையவில்லை என்று கண்டிருக்கிறார்கள். பட்டியாலும் தடுக்க முடியவில்லை. பாரம் குறைந்தால்தான் குறையும். சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1967இலேயே, ஒரு வளர்ந்த ஆண் தனியே சுமக்கக்கூடியது 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று பரிந்துரைத்தது, பெண்களுக்கு அதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அது உச்ச எல்லை, நல்ல அளவு அல்ல. அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு நிறுவனம் கணக்குப் பார்த்தபோது, எல்லாம் வசதியாக இருந்தாலும் இரண்டு கையால் தூக்க 23 கிலோவே போதும் என்றது. நம்முடைய உர மூடை 50 கிலோ. மணலில் நின்று, நிலத்திலிருந்து, தனியாளாகத் தூக்குகிறோம்.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய விஷயங்கள் அல்ல. 50 கிலோ மூடைக்கு இரண்டு பேர். மரத்தடி வரை தள்ளுவண்டி. உரிக்கிறவருக்குக் காயை நிலத்தில் குவிக்காமல் இடுப்பு உயரத்தில் ஒரு பலகைத் தட்டு, அதற்கு இரண்டு தென்னங்குற்றியும் நாலு பலகையும் போதும். காலையில் முதல் ஒரு மணித்தியாலம் பாரம் ஏற்றும் வேலை வேண்டாம், ஏனென்றால் இரவு படுத்திருக்கும்போது தட்டு தண்ணீர் குடித்து ஊதியிருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் அழுத்தம் கூட. வைத்தியர் எழுதிக் கொடுத்த கிழமைகளுக்கு இலேசான வேலை, அதே சம்பளம். ஒரு தோட்டத்தில் இரண்டு பேர் தூக்கும் முறைக்கு வாய்ச்சொல்லில் சம்மதித்திருக்கிறார்கள், பலகைத் தட்டும் போட்டாயிற்று. உரிக்கிறவர்களே அதைப் போட்டார்கள், பலகை மட்டும் தோட்டத்தினது. இன்னொரு தோட்டத்தில், "பெலன் இல்லாதவன் வீட்ட நிக்கட்டும்" என்று பதில் வந்தது. அங்கே மறுபடியும் போவோம்.

சட்டத்துக்கு வருவோம். 1934ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், வேலை செய்யும்போது வேலையால் நேர்ந்த விபத்துக் காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. 2022இல் திருத்தி, உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். கை முறிந்தால் எல்லாருக்கும் தெரிகிறது. தட்டுப் பிதுங்கினால் வெளியே ஒரு கீறலும் இல்லை. அதனால்தான் நாரி நோ வழக்குகள் விழுகின்றன. நம் அங்கத்தவர் ஒருவர் உர மூடை தூக்கும்போது நாரியில் "டக்" என்று கேட்டது. பக்கத்தில் நின்றவருக்கும் கேட்டதாம். யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு நாள் குளிசையோடு வேலை செய்து, மூன்றாம் நாள் படுத்தார். இரண்டு கிழமை கழித்துக் கேட்டபோது, "வீட்டுக் கிணத்தடியில விழுந்திருப்பான்" என்றது நிர்வாகம். எழுத்தில் ஒன்றும் இல்லை. வைத்தியசாலைத் துண்டிலும், வேலையில் நடந்தது என்ற ஒரு வரி இல்லை, அவர் சொல்லவில்லை, அவர்கள் எழுதவில்லை. நாங்கள் அலைந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அந்த அண்ணை இன்றைக்கும் நம்மோடு இருக்கிறார், இப்போது கச்சான் கடை வைத்திருக்கிறார்.

ஆகவே நேர்ந்த அன்றே சொல்லுங்கள். கங்காணியிடம் வாயால், தோட்டக் கந்தோருக்கு எழுத்தால். எத்தனை மணி, என்ன வேலை, என்ன பாரம், யார் பக்கத்தில் நின்றது. எழுத வராதவர்கள் எங்களிடம் வாருங்கள், அல்லது பிள்ளையிடம் கொடுங்கள், எழுதத்தான் நாங்கள் படிப்பித்திருக்கிறோம். வைத்தியசாலையில் முதல் முறை காட்டும்போதே, "வேலைத்தலத்தில் மூடை தூக்கேக்க வந்தது" என்று சொல்லி, அதைத் துண்டில் எழுதும்படி கேளுங்கள். கிளையில் ஒரு நீலக் கொப்பி வைத்திருக்கிறோம். சின்னப் பிடிப்பென்றாலும் அதில் பதியுங்கள். பத்துப் பேர் ஒரே வேலையில், ஒரே மாதத்தில் பதிந்திருந்தால், அது பத்துச் சோம்பேறிகளின் கதையாக இருக்க முடியாது.

சரி, கனநேரம் கதைத்துவிட்டோம். இப்போது எல்லாரும் எழும்புங்கள். கதிரைகளை ஓரத்துக்குத் தள்ளுங்கள், ஒவ்வொன்றாக, இழுத்துத் தள்ளுங்கள், தூக்க வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் பாதத்தின் முன்பக்கத்தை உயர்த்திக் குதிக்காலால் பத்து அடி நடவுங்கள். பிறகு நுனிக்காலில் பத்து அடி. குதிக்காலால் நடக்கும்போது ஒரு பாதம் மட்டும் தொப்பென்று விழுந்தால், அல்லது நுனிக்காலில் ஒரு பக்கம் மட்டும் உயர முடியாவிட்டால், அந்தப் பக்கத்து நரம்பை வைத்தியர் பார்க்க வேண்டும். அப்படி இருப்பவர்கள் வாசலடியில் கொப்பியோடு நிற்கிற தங்கச்சியிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், கிளினிக் நாளுக்கு ஒரு வாகனம் பிடித்துச் சேர்ந்து போவோம். சிரிக்காதீர்கள் அண்ணை, நீங்கள்தான் முதல், வாருங்கள்.